பெட்டிக்குள் ஒரு விமானம்

காசைக் கொடுத்து வேலை வாங்குவது உலக வழக்கம். காசைக் கொடுத்து வேலையையே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு மாத காலம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, தாமே அதைச் செய்து தீர்க்கும் ஒரு வகை மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால் நேயர்களில் சிலர் நம்ப மாட்டார்கள். மாதிரி விமானம் கட்டுகிறவர்களைத்தான் சொல்கிறோம்.

இக்காலத்தில் கடைக்குப் போனால், நுரை போன்ற லேசான பொருளில் வார்த்து, வர்ணம் தீட்டி, மோட்டாரும் ரேடியோவும் பொருத்தி, பாட்டரியைச் செருகின மாத்திரத்தில் கிளம்பத் தயாராக இருக்கும் சிறு விமானம் கிடைக்கிறது. மேற்படி மனிதர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் வாங்குவது நீளமான ஓர் அட்டைப் பெட்டி. அதை மேல் நாட்டார் 'கிட்' என்கிறார்கள். விமானப் பெட்டி என்று நாம் வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் நீல ஆகாயத்தில் கம்பீரமாகப் பறக்கும் விமானத்தின் படம் அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் விமானம் இராது, குச்சிகள் இருக்கும். மெல்லிய பலகைகள் சில, அவற்றில் ஒளிக்கதிரால் வெட்டுக் கொடுத்த விலாச் சட்டங்கள், மூக்குப் பக்கத்துக்குக் கொஞ்சம் ஒட்டுப் பலகை, சக்கரத்துக்கு வளைத்த எஃகுக் கம்பி, ஒரு சிறு புஸ்தகம், பாய் போல் சுருட்டி வைத்த ஒரு பெரிய படம், இவ்வளவே. மோட்டார் தனியே வாங்க வேண்டும். பாட்டரி, ரேடியோ, பசை, மேலே போர்த்தும் உறை யாவும் பெரும்பாலும் தனியே. கல்யாணப் பத்திரிகையை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பெண், மாப்பிள்ளை, மேளம், சாப்பாடு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்ற வியாபாரம்!

ஆயினும் அந்தப் பெரிய படத்தை அலட்சியமாக எண்ணலாகாது. விமானம் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவு பெரிது. அளவு எடுக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். படத்தை ஒரு சமமான பலகையின்மேல் விரித்து, அதன்மேல் மெழுகுத் தாளைப் பரப்பி, கோடு போன வழியே குச்சியை வைத்துக் குண்டூசியால் நிறுத்திப் பசை இடுவதுதான் வேலை. மெழுகுத் தாள் இல்லாவிட்டால் விமானம் படத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துக் கிழிக்க நேரிடும்.

குச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவை பால்ஸா என்னும் மரத்தினால் ஆனவை. உலகத்துக்கு வேண்டிய பால்ஸாவில் பெரும் பகுதி தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் தேசத்திலிருந்து வருகிறது. முருங்கையைப் போல் அவசர அவசரமாக வளரும் மரம். பத்து வருஷத்துக்குள்ளாகவே வெட்டுக்கு வந்துவிடும். சராசரி பால்ஸா தண்ணீரின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். நமது தேக்கு மரத்தோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்கு. இவ்வளவு லேசாக இருந்தும், நார் ஓடும் திசையில் அதன் பலம் ஆச்சரியப்படத் தக்கது. பால்ஸா என்ற ஸ்பானியச் சொல்லுக்கே தெப்பம் என்று அர்த்தம். 1947-ல் நார்வே தேசத்தவரான தார் ஹெயர்டால் என்பவர் பால்ஸா மரங்களைக் கயிற்றால் பிணைத்து, பெரு தேசத்திலிருந்து பஸிபிக் சமுத்திரத்தில் 101 நாள் மிதந்து பாலினீஷியத் தீவுகளை அடைந்தார். தண்ணீருக்கு ஏற்ற அதே மரம் காற்றுக்கும் ஏற்றதாக அமைந்தது விமானம் கட்டுகிறவர்களின் அதிர்ஷ்டம்.

கட்டும் வேலையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று கோணல் இல்லாமை, மற்றொன்று கனம் இல்லாமை. பலகை சமமாக இல்லாவிட்டால் இறக்கையும் சமமாக இராது. ஓர் இறக்கை சிறிது முறுக்கிக்கொண்டால், அந்தப் பக்கத்துக் காற்றின் தாங்கல் மற்றப் பக்கத்திலிருந்து மாறுபடும். விமானம் ஓயாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். தரையில் கண்ணுக்குப் புலப்படாத கோணல் ஆகாயத்தில் ஊரறியத் தெரிந்துவிடும். கனம் சேருவதோ இன்னும் சூட்சுமமான ஆபத்து. ஒட்டுவதற்கு ஒரு சொட்டுப் பசை போதும் என்று புஸ்தகம் சொல்கிறது. பயந்த சுபாவம் உள்ளவர் இரண்டு சொட்டு விடுகிறார். இம்மாதிரி இருநூறு இடத்தில் விட்டால் என்ன ஆகும்? அதிலும் வால் புறத்தில் ஒரு கிராம் கூடினால், அதைச் சரிக்கட்ட மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். ஏனெனில் வால் எடை நடுவிலிருந்து தூரத்தில் இருக்கிறது, மூக்கு கிட்டத்தில் இருக்கிறது. துலாக்கோலில் தூரத்தில் தொங்கும் சிறு கல், கிட்டத்தில் உள்ள பெருங் கல்லைத் தூக்கும் கதைதான்.

சட்டம் முழுவதும் ஆனபிறகு உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தேய்த்தல் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வீடு முழுவதும் மாவுமில் போல் தூசு படிந்து, வீட்டு அம்மாள் இனிப் பொறுப்பதற்கில்லை என்று சொல்லும் வரையில் தேய்க்கிறார்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால், அது சுருங்கி மத்தளத் தோல் போல் விறைத்துக்கொள்கிறது. குச்சிக் கூடாக இருந்தது அந்த நிமிஷத்தில் விமானமாகிவிடுகிறது. கட்டுகிறவர்கள் இதற்காகவே காத்திருப்பதாகத் தோன்றுகிறது.

இதெல்லாம் வயசுக்கு வந்தவர்கள் செய்கிற காரியமா என்று கேட்போருக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1871-ல், பாரிஸ் நகரத்துத் துய்லரி பூந்தோட்டத்தில், அல்போன்ஸ் பேனோ என்ற இளைஞர் ரப்பர் கயிற்றை முறுக்கிவிட்டு ஒரு சிறு விமானத்தைப் பறக்க விட்டார். அது 11 ஸெகண்டு பறந்து சுமார் 40 மீட்டர் தூரம் சென்றது. யாரும் கையால் திருத்தாமலே தன்னைத் தானே சமனாக வைத்துக்கொண்டு பறந்ததுதான் அதில் விசேஷம். பேனோவின் யோசனையை ஒட்டிச் செய்த சுழல் விசிறிப் பொம்மை ஒன்றை 1878-ல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் குழந்தைகளுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பாதிரியாரின் பெயர் மில்டன் ரைட். குழந்தைகள் வில்பர், ஆர்வில். பொம்மை உடைந்தவுடன் அழாமல் அவர்கள் தாமே வேறு செய்தார்கள். பிறகு அதையே பெரிதாகச் செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் மறுக்கிறது என்ற கேள்வி அவர்களை விடவில்லை. 1903-ல் அவர்கள் செய்ததை உலகம் அறியும்.

விமானத்தைக் கட்டி முடித்தாலும் அதற்குக் காது வேண்டுமே? அதுதான் ரேடியோ. கம்பியில்லாமல் மாதிரி விமானத்தை நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள். ஒருவர் விமானம் கட்டுவதில் வல்லவர். மற்றவர் ரேடியோப் பைத்தியம். வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் சேர்ந்து வேலை செய்ததன் பலன், 1937-ல் பறந்த 'கஃப்' என்னும் விமானம். அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்தது. யுத்தத்துக்குப் பின் வந்த வருஷங்களில் சாமானிய மனிதர் வைத்திருந்த கருவிக்கு ஒரே ஒரு பொத்தான். விமானத்துக்குள் முறுக்கிய ரப்பர் கயிறு ஒன்று சுக்கானைத் திருப்பும். ஒரு தடவை அழுத்தினால் இடது பக்கம், அடுத்த தடவை வலது பக்கம். எத்தனை தடவை அழுத்தினோம் என்று மறந்து போனால் விமானமும் போயிற்று. அந்தக் கருவியோடு பறக்கவிட்டவர்களின் பொறுமைக்கு ஒரு கோயில் கட்டலாம்.

இப்போது நிலைமை வெகுவாக மாறிவிட்டது. கையில் உள்ள பெட்டியில் இரண்டு குச்சிகள். குச்சியை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவே விமானத்தின் சுக்கானும் அசையும். ஸெர்வோ என்று பெயர் கொண்ட தீப்பெட்டியளவு யந்திரம் இந்த வேலையைச் செய்கிறது. சாதாரண ஸெர்வோவுக்கு ஸெகண்டுக்கு சுமார் 50 தடவை ஒரு மின்சாரத் துடிப்பு வந்துகொண்டிருக்கும். துடிப்பு ஒன்றரை மில்லி ஸெகண்டு நீடித்தால் நடு நிலை. அதிலிருந்து சற்றுக் குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். ஓயாமல் நாடி பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியர் என்று அதைச் சொல்லலாம். முன்னெல்லாம் மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் கருவியைத் திறந்தால் ஒருவர் விமானம் தரைமட்டம். அதனால் இன்னார் இன்ன அலைவரிசை என்று கம்பத்தில் அடையாளம் குத்தி வைப்பார்கள். அதைக் கவனியாதவர்களால் சிநேகங்கள் முறிந்ததுண்டு. இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களுக்குள் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், தமக்குரிய விமானத்தைத் தாமே அடையாளம் கண்டு பேசுவதால் அந்தச் சச்சரவு ஏறக்குறைய ஒழிந்தது.

பாட்டரி விஷயத்தில் மட்டும் நேயர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. லிதியம் பாலிமர் பாட்டரி எடைக்கு மிஞ்சிய சக்தி உடையது. அடிபட்டாலோ, அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றினாலோ தீப்பற்றும். அதைச் சார்ஜில் போட்டுவிட்டு ஸினிமாவுக்குப் போவது கூடாது. தூங்கப் போவதும் கூடாது.

நமது சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு இம்மாதிரி பெட்டி ஒன்று வந்து இறங்கியது. சிநேகிதர் கச்சேரி உத்தியோகஸ்தர். ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிறவர். அவருக்கு உதவி, பன்னிரண்டு வயதுப் பெண். முதல் வாரம் அப்பா கட்டினார், பெண் குண்டூசி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் பெண் கட்டினாள், அப்பா குண்டூசி எடுத்துக் கொடுத்தார். இந்தப் பதவி மாற்றம் எப்போது நடந்தது என்று இருவருக்கும் தெரியாது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், விரல் நுனிகளால் தாங்கினால் விமானம் சமனாக நிற்க வேண்டும் என்பது விதி. மூக்குப் பக்கம் கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்தாலோ முதல் பயணமே கடைசிப் பயணமாகலாம். இந்தச் சோதனையை அந்தப் பெண் தினமும் காலையில் பல் துலக்கியவுடன் செய்து பார்ப்பாள் என்று சிநேகிதர் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊருக்கு வெளியே இருந்த திடலுக்கு நம்மையும் அழைத்துக்கொண்டு போனார்கள். விமானம் கிளம்பிற்று. குச்சியும் பசையுமாக நாம் பார்த்திருந்த வஸ்து, சூரிய வெளிச்சம் உறையின் வழியாகப் புகுந்து விலாச் சட்டங்களையெல்லாம் எண்ணிக் காட்டும்படி தலைக்கு மேல் வட்டமிட்டது. பெண் மூச்சு விடவில்லை. நாமும் விட்டோமா என்பது சந்தேகம்.

ரேடியோ விமானம் ஓட்டுவதில் புதியவர்களைக் கவிழ்க்கும் ஒரு வித்தை உண்டு. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் இடது கை நமக்கும் இடது கை. அது நம்மை நோக்கித் திரும்பி வரும்போது, எதிரே நிற்கும் மனிதனைப் போல, அதன் இடது நமக்கு வலது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் விமானிக்கு இந்தத் தொல்லை கிடையாது. தரையில் நிற்பவன் ஒவ்வொரு வட்டத்திலும் மனசுக்குள் ஒரு முறை திரும்பி உட்கார வேண்டும். எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளு, சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல் எண்ணிக்கொள் என்று பழகினவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பழகுகிறவர்களுக்கான விமானத்தில் இரு இறக்கைகளும் நுனியில் சற்று மேல் நோக்கி உயர்ந்திருப்பதால், போதிய உயரம் இருந்து குச்சியை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் அதுவே நிமிர்ந்துகொள்ளும். நமது சிநேகிதர் குச்சியை விடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விமானம் ஒரு வேலிக்கு அப்பால் சாய்ந்து விழுந்தது.

போய்ப் பார்த்தோம். இடது இறக்கை நடுவில் முறிந்து, உறை கிழிந்து, சட்டங்கள் பல் விழுந்த வாய் போல் இருந்தன. இரண்டு மாத வேலை! சிநேகிதர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "போகட்டும், இனிமேல் கடையிலேயே முழு விமானமாக ஒன்று வாங்கிவிடலாம்" என்றார். பெண் அதற்குப் பதில் சொல்லவில்லை. சீட்டுக் கட்டை எண்ணுவதுபோல் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஏழுதான் போயிருக்கு. நடுக் கட்டையை ரெண்டு பக்கமும் சிம்பு வெச்சு ஒட்டலாம். படம்தான் நம்ம கிட்ட இருக்கே" என்றாள்.

பெட்டி வாங்குவதற்கும் பொம்மை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வேலி ஓரத்தில் நாம் கண்டோம். கடையில் முழு உருவமாக வாங்கின விமானம் விழுந்திருந்தால், அந்தப் பெண் அதை ஏதோ ஒரு புதிராகத்தான் பார்த்திருப்பாள். இதிலோ உள்ளே இருந்த ஒவ்வொரு துண்டும் அவள் கைப்பட்டு உட்கார்ந்தது. நுரை விமானத்தையும் ஒட்டலாமே, பழகுவதற்கு அதுதான் நல்லது, விழுந்தாலும் மனம் உடையாது என்று வாதிப்போர் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பறக்கப் பழக அதை வாங்கட்டும். ஆனால் முழு விமானங்கள் மலிந்ததன் காரணமாகப் பெட்டி விற்ற பழைய கம்பெனிகள் பல கடையைக் கட்டிவிட்டன என்பதை நினைக்கும்போது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சொந்தக் கையால் கட்டிய இந்தக் குச்சி விமானம் எவ்வளவு தூரம் போகக்கூடும்? 2003-ம் வருஷம் ஆகஸ்ட் 9-ந் தேதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மேனார்டு ஹில் என்ற அமெரிக்கர் ஒரு மாதிரி விமானத்தைக் கையால் தூக்கி எறிந்து விட்டார். வயது 77. பார்வை சட்டப்படி குருடர் என்று கணிக்கும்படி மங்கியிருந்தது, காதும் மந்தம். விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 6 அடி. பால்ஸா மரமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையுமாகக் கட்டினது. சாதனைக்கான சர்வதேச விதி 5 கிலோவுக்கு மேல் அனுமதிக்கவில்லை. எரிபொருளும் உட்பட அதற்குள் அடக்கினார்கள். ஓர் அமெரிக்கக் காலனுக்கும் குறைவான எரிபொருள்தான் உள்ளே இருந்தது. ரேடியோவால் உயரத்துக்கு ஏற்றிய பிறகு, வழிகாட்டும் கருவியின் பொறுப்பில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விட்டுவிட்டார்கள். அதற்கு முன் அனுப்பியவை அக்கரை சேரவில்லை. இது 38 மணி 52 நிமிஷம் ஓயாமல் பறந்து, அயர்லாந்தில் கிளிப்டன் ஊரை அடுத்த கடற்கரையில் இறங்கிற்று. அங்கே காத்திருந்த நண்பர் டேவ் பிரவுன் ரேடியோவைக் கையில் எடுத்து அதைத் தரை சேர்த்தார். கடந்த தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் முதன்முதலாக நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி இறங்கியதும் அதே கிளிப்டனுக்கு அருகில்தான்.

நம் தேசத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலையும் கற்பிக்கிறார்கள். ஆகவே கற்க விரும்பும் பிள்ளைகள் தம் கல்லூரியிலேயே முதலில் விசாரிக்கலாம். 2021-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள் 25 கிலோவுக்கு மேற்படாமல், கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ பறக்கவிடும் விமானத்தை மாதிரி விமானம் என்று வகுத்தன. ஆகாயத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வர்ணத்தில் பிரித்துப் படமும் போட்டார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். மற்றவர்களும் புறப்படும் முன் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மின்சாரக் கம்பி, பனைமரம், ஆடு மாடு, கிரிக்கெட் ஆடும் பையன்கள் இல்லாத திடலாகத் தேடுங்கள். விடியற்காலமே உகந்தது. எட்டரை மணிக்குமேல் வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பிவிடும். அதற்குள் இரண்டு தரம் பறக்கவிட்டு, இறக்கையைக் கழற்றி வண்டியில் வைத்துக்கொண்டு, காபி வேளைக்கு வீடு திரும்பிவிடலாம்.